பஞ்சுச் சாக்கு

"வெயில் சரிஞ்சாப் பிறகு வந்து என்ன செய்யப் போறீர்?"

வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மொட்டை மாடியில், மெத்தைகளை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருந்த முத்துலிங்கத்துக்கு எரிச்சல்.

மெத்தைக்கார ராமையாவின் தலை, மீசையெல்லாம் பஞ்சு. தோளில் கிழிந்த சாக்கு.

ஜிந்துப்பிட்டியிலிருந்து சாக்கு நிறையப் புதுப் பஞ்சோடுதான் புறப்பட்டாராம். கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறக்கி, அடையாள அட்டையில் தமிழ்ப் பேரைப் பார்த்துவிட்டு, குண்டு இருக்கிறதா என்று சாக்குக்குள் கம்பியை விட்டுக் குடைந்தார்களாம். சாக்கு கிழிந்து, பாதிப் பஞ்சு காலி வீதியில் பறந்து போய்விட்டது.

"இலவம் பஞ்சுங்க ஐயா. காத்துக்கு நிக்குமா?"

முத்துலிங்கத்தின் முகம் மாறியது. உரிமைக்காக எத்தனையோ மேடை ஏறியவர்.

"உழைச்சுத் தின்னுற மனுசனைக் கள்ளனாப் பாக்கிறதைவிடக் கேவலம் வேற இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில உம்மட பேரைச் சொல்லியே கதைக்கப் போறன்."

"பேரு வேணாங்க ஐயா."

ராமையா வேலையில் இறங்கினார். மெத்தைகளைப் பிரித்து, கட்டிபட்ட பஞ்சை மிஞ்சிய வெயிலில் பரப்பி, பறக்காமல் மேலே கட்டிலுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையை விரித்து, பிரம்பால் மெல்லத் தட்டினார்.

முத்துலிங்கத்தின் மனைவி பாக்கியலெட்சுமி, கழுவிக் கெடுத்த தலையணையைக் கொண்டுவந்து காட்டினாள்.

"உறைய மட்டும் கழுவுங்கம்மா. பஞ்சு நனைஞ்சா திரண்டுரும். அப்பப்ப வெயில் காட்டுங்க, அதுவே உப்பி வந்துரும்."

மிஞ்சியிருந்த புதுப் பஞ்சு முழுவதையும் பழையதோடு கலந்து அடைத்துத் தைத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பஞ்சிலிருந்து ஒதுக்கிய விதையும் தூளும் மெத்தைக்காரருக்கு என்பது வழக்கம். அதைச் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டு ராமையா கும்பிட்டார்.

பாக்கியலெட்சுமி மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். போன முறை இதைவிட உயரமாக இருந்ததே என்று கணவனின் காதுக்குள் சொன்னாள்.

முத்துலிங்கம் மெத்தையைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"ராமையா, ஒருக்கா நில்லும்."

சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு அவர் கிட்ட வந்தார். குடையின் கம்பி முனையைக் கண்டதும் ராமையா சாக்கை இறக்கி வைத்தார், முடிச்சை அவிழ்த்தார்.

"குத்தாதீங்க ஐயா, இன்னுங் கிழிஞ்சிரும். நானே கொட்டிக் காட்டுறேன்."