வலப்பக்க ஸ்ட்ரெச்சர்

என் கணவர் வெர்னன் கொரியப் போரில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். ஓய்வுபெற்றதும், மூன்று மாதம் என் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, அதே ஹெலிகாப்டரின் பிளாஸ்டிக் மாடலை ஒட்டி முடித்தார். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே, பக்கத்துக்கு ஒரு ஸ்ட்ரெச்சர். பெட்டியோடு வந்த காயம்பட்ட சிப்பாய்ப் பொம்மையை இடப்பக்கம் படுக்கவைத்தார். வலப்பக்கம் காலி. தூண்டில் நரம்பில் கட்டிச் சமையலறை ஜன்னலருகே தொங்கவிட்டோம்.

அது வலப்பக்கம் சாய்ந்தது.

"பொம்மை இருக்கிற பக்கம்தானே தாழணும்?" என்றேன்.

வெர்னன் இடப்பக்கம் ஓர் ஈயக்குண்டை ஒட்டினார். சாய்வு மாறவில்லை. இன்னொன்றையும் ஒட்டினார். அப்போதும் மாறவில்லை. காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தனை மட்டும் ஏத்தினா வண்டி சாயும் லோர்னா. அதனால மறுபக்கம் மணல் மூட்டை வைப்போம். அன்னிக்கு ரெண்டு பேர் கிடந்தாங்க. ஒருத்தன் செத்துட்டான்னாங்க. அவனுக்குப் பதிலா வலப்பக்கம் மூட்டையை ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். மேலேயிருந்து பார்த்தா, அவன் கையைத் தூக்குறான்."

"திரும்பிப் போகலையா?"

"போனேன். அதுக்குள்ள அவனைப் பனி மூடிடுச்சு."

ஈயக்குண்டுகளைப் பிடுங்கி எறிந்தார். என் தையல் பெட்டியிலிருந்து கம்பளித் துண்டொன்றை எடுத்து, காலி ஸ்ட்ரெச்சர்மேல் போர்த்தினார்.

மறுநாள் காலை மாடல் நேராகத் தொங்கியது. கம்பளி மட்டும் நேற்றுப் போல் தட்டையாக இல்லை. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மேடிட்டிருந்தது. அதன் நுனியைத் தூக்கப் போனேன்.

வெர்னன் என் கையைப் பிடித்தார்.

"வேணாம். அவனுக்குக் குளிரும்."