உப்பனாற்று மதகின் திறப்பு விழா

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், கடைமடை மக்களின் தலைமுறைக் கண்ணீரைத் துடைக்கும் பொருட்டு, உப்பனாற்றின் கரையில் கம்பீரமாக எழுந்து நிற்கும் புதிய மதகின் இரும்புப் பலகை, இன்று காலை, மாண்புமிகு அவர்களின் பொற்கரங்களால் நான்கு அடி உயர்த்தப்படும். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

வரலாறு நேரத்துக்கு வந்துவிட்டது. மாண்புமிகு வரவில்லை.

அவள் மதகின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பயனாளி நல்ல புடவையில் வர வேண்டும் என்று உதவிப் பொறியாளர் சொல்லியிருந்தார். மகள் கல்யாணத்துக்கு எடுத்ததைக் கட்டியிருந்தாள்.

இந்தப் பக்கம் அவள் வயல். அந்தப் பக்கம் உப்பனாறு. அதைத் தாண்டினால் கடல்.

வயலில் நாலு நாள் மழை அப்படியே நின்றது. சம்பாவின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. இன்னும் பச்சை.

இன்று வடிந்தால் பிழைக்கும்.

மதகு கட்டி முடித்துப் பெயின்ட்டும் காய்ந்துவிட்டது. ஆனால் திறந்துவைக்கப்படாத மதகைத் திறக்கக் கூடாது. மழைக்கு அது தெரியவில்லை.

விடிந்ததிலிருந்து கடல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றில் சேறு தெரிந்தது. பலகையைத் தூக்கினால் போதும், வயல் தண்ணீர் தானாக ஓடிவிடும். அதற்கு மைக் கூட வேண்டாம்.

“ஏம்ப்பா பக்கிரி, இப்பத் தூக்கிவிட்டுட்டு, கார் சத்தம் கேட்டதும் இறக்கிடேன்.”

பக்கிரிசாமி மதகின் லஸ்கர். பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் அவன் வேலை. இன்று சக்கரத்தைத் துடைப்பது மட்டும்.

“ரிப்பன் கட்டிட்டாங்களே அத்தாச்சி.”

“அவுத்துட்டு மறுபடி கட்டு.”

“அவங்க கட்டுன மாதிரி பூ முடிச்சு எனக்குப் போட வராது.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு நாலு நாளாயிற்று.

ஆற்றில் ஒரு படகு, முன்முனையில் மட்டும் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. காலையிலிருந்து அதன் பின்புறம் கடலைப் பார்த்திருந்தது.

இப்போது அது மெதுவாகத் திரும்பியது. அரை வட்டம் அடித்து, பின்புறத்தை அவள் வயலுக்குக் காட்டி நின்றது.

கடல் ஏறுகிறது.

சேறு மறைந்தது. பலகையின் வெளிப்பக்கம் புதுப் பெயின்ட் நனைந்துகொண்டே வந்தது.

மழைத் தண்ணீர் பயிரைத்தான் கொல்லும். உப்புத் தண்ணீர் மண்ணையும் சேர்த்துக் கொல்லும்.

ஆற்றுத் தண்ணீர் வயல் தண்ணீரைவிட ஒரு முழம் மேலே நின்றபோது தவில் சத்தம் கேட்டது.

மாண்புமிகு வந்தார். தாமதத்துக்கு வருந்தவில்லை. வழியெல்லாம் மக்கள் வெள்ளம் என்றார்.

ரிப்பன் வெட்டினார். பயனாளியின் கையைப் பிடித்துச் சக்கரத்தில் வைத்தார்கள். மேலே அவர் கை.

“ஐயா, கடல் ஏறுது. இப்பத் தூக்கினா உப்புத் தண்ணி வயலுக்குள்ள வந்துடும்.”

தவில் ஓயவில்லை. அவர் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“பயப்படாம சுத்துங்கம்மா. உங்க மதகு.”

உதவிப் பொறியாளருக்குக் கேட்டது. அவர் படகைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். பிறகு அவரும் கேமராவைப் பார்த்தார்.

மாண்புமிகு வலப்பக்கம் சுற்றினார்.

அவள் இடப்பக்கம் இழுத்தாள்.

உடம்பில் இருந்ததையெல்லாம் கூட்டி இழுத்தாள். வளையல் ஒன்று உடைந்தது. சக்கரம் அசையவில்லை.

“என்னய்யா, இவ்ளோ டைட்டா இருக்கு?”

“புதுசு இல்லீங்களா ஐயா.”

“அம்மா, அப்படியே இருங்க,” என்றான் போட்டோக்காரன். “அந்த மூஞ்சி நல்லா வந்திருக்கு.”

பொறியாளர் ஒரு கை கொடுத்தார். ஒன்றியத்திலிருந்து வந்தவர் ஒரு கை. பந்தல் போட்ட மண்டபத்துக்காரர் ஒரு கை. பக்கிரிசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

சக்கரம் வலப்பக்கம் சுற்றியது.

பலகை மேலே வந்தது. அடியில் தண்ணீர் சீறியது. கரை முழுக்கக் கைதட்டல்.

மாண்புமிகு தாம்பாளத்திலிருந்து பூவை அள்ளி ஆற்றுப் பக்கம் தூவினார். பூக்கள் ஒரு கணம் தயங்கின. மதகுக்கு அடியில் நுழைந்தன. இந்தப் பக்கம் வெளியே வந்து, வாய்க்காலோடு வயலைப் பார்த்து ஓடின.

“வேகத்தைப் பாத்தீங்களா,” என்றார் அவர்.

பொறியாளர் பூக்களைப் பார்த்தார். தட்டிக்கொண்டிருந்த கை ஒரு தரம் நின்றது. பிறகு முன்னைவிட உரக்கத் தட்டினார்.

சம்பா நுனி ஒவ்வொன்றாக உள்ளே போனது.

அவள் கீழே இறங்கிவந்து பக்கிரிசாமி பக்கத்தில் நின்றாள்.

“இப்பவாவது இறக்கேன்ப்பா.”

“மேடையில பேசிக்கிட்டிருக்காங்க அத்தாச்சி. திறந்துவெச்சதை அவங்க எதிர்லயே மூடினா நல்லாவா இருக்கும்?”

பேச்சு முடிந்தது. பந்தலில் பிரியாணி. பயனாளிக்கு முதல் வரிசையில் இலை போட்டிருந்தார்கள். அந்த இலை காலியாகக் கிடந்தது.

வயலும் ஆறும் ஒரே மட்டத்துக்கு வந்தபோது தண்ணீர் ஓடுவது நின்றது.

சாப்பிட்டு முடித்ததும் பலகையை இறக்கிப் பூட்டிவிட்டு எல்லோரும் போனார்கள்.