மயிலின் சபதம்

காட்டுத் தேர்தலில் யானையும் கழுதையும் நின்றன. கழுதை ஜெயித்தால் புல்வெளி கழுதைக்கு, யானை ஜெயித்தால் குளம் யானைக்கு. ஆறு குஞ்சு வைத்திருந்த வாத்து குளக்கரையையே சுற்றிச் சுற்றி வந்தது.

"பயப்படாதீங்க அக்கா! யானை ஜெயிச்சா நான் இந்தக் காட்டிலேயே இருக்க மாட்டேன்!" என்று மேடையேறித் தோகை விரித்தது மயில். காடே கைதட்டியது.

ஒரே ஒரு ஓட்டில் யானை ஜெயித்தது.

"ஓட்டுப் போடுற இடத்துல உன்னைக் காணோமே தம்பி?" என்றது வாத்து.

"அன்னிக்கு எனக்கு மூணு மேடை ஏற வேண்டியிருந்துச்சு அக்கா!"

மறுநாள் காலையில் வாத்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு காட்டை விட்டுக் கிளம்பியது.

"நில்லுங்க அக்கா!" என்று மரக்கிளையிலிருந்து மயில் கூவியது. "சாயந்திரம் உங்களுக்காகவே ஆடப்போறேன்!"

"நல்லா ஆடு தம்பி. வெயில் ஏறுறதுக்குள்ள நான் தண்ணி தேடணும்," என்று வாத்து நடையைக் கட்டியது.