செர்ரி நிற உடை

யோலான் மறுபடியும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். குளிரவைத்தே குடிக்கும் புளிப்புச் செர்ரி சூப் ஜில்லென்று ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சென்கே வருகிறாள். அவள் முகம் சுளித்தால் கல்யாணம் நின்றுவிடும்.

"கொட்டையை எடுக்கலையே எமேகே, தப்பா நினைப்பாளோ?"

"கொட்டையோட போட்டாத்தாம்மா ருசி. புடாபெஸ்ட்காரிக்கு மட்டும் துப்பத் தெரியாதா?" என்றாள் மகள்.

சென்கே வந்தாள். சிரிக்கவில்லை. சூப்பைக் குடித்து, கொட்டைகளைத் தட்டின் விளிம்பில் ஒதுக்கினாள். இன்னும் கொஞ்சம் ஊற்றப்போன யோலான், பதற்றத்தில் தன் மடியிலேயே சிந்திக்கொண்டாள்.

சென்கே எழுந்து வந்து துடைத்துவிட்டாள். உடையை உற்றுப் பார்த்தாள்.

"கறையே தெரியலையே! இந்த நிறத்துக்குப் பேரே இந்தப் பழத்துலேருந்துதானே வந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டுக்கிட்டீங்களா?"

யோலான் உடையின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஒண்ணு இப்பவே சொல்லிடறேன்," சென்கே குரலைத் தாழ்த்தினாள். "எங்கப்பா பயங்கரமா குறட்டை விடுவார். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கிட்ட வந்து புலம்பக் கூடாது."

"அது தெரியும்," என்றாள் யோலான், சட்டென்று.

எமேகேயின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"அம்மா!"