சொத்தைக் கத்தரிக்காய்

மாடித் தொட்டியில் காய்த்த ஒரே கத்தரிக்காயை நறுக்கிய கோதைநாயகி, வீடே அதிரக் கத்தினாள். "என்னங்க, ஓடி வாங்க! உள்ள புழு இருக்கு!"

தணிகைவேல் சவர நுரையோடு ஓடிவந்தான். படத்தில் மட்டுமே பார்த்திருந்த புழு உயிரோடு நெளிந்தது. கொஞ்ச நேரத்தில் அடுக்ககமே திரண்டுவிட்டது. எதிர்வீட்டு மல்லிகா ஆரத்தி எடுத்தாள். "ஒரு தடவ என் கையில விடுங்கக்கா," என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள்.

"விருந்தாளிக்குப் போயும் போயும் சொத்தையா?" என்று சொல்லி, எல்லோர் வீட்டிலும் தினமும் சமைக்கிற, ஆலையில் அச்சடித்து வந்த பளபளப்பான கத்தரிக்காயில் ஒரு துண்டை நறுக்கிப் புழுவின் முன் வைத்தாள் கோதை.

புழு அதன்மேல் ஏறியது. தலையைத் தூக்கிப் பார்த்தது. இறங்கிச் சொத்தைக்கே திரும்பிப் போனது.

"கொழுப்பப் பாரேன்!" என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்று மதியம் அடுக்ககத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.