பகல் தூக்கம்

“எழிலு, எந்திரிடா. கேஸ் வண்டி வந்துட்ச்சு.”

அம்மா எழுப்பியபோது மணி ஒன்பதரை. அண்ணன் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து படுத்ததே எட்டரைக்குத்தான்.

எழுந்து சிலிண்டரைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி படுத்தான். பத்தேகாலுக்கு அப்பா வந்தார்.

“டேய், மோட்டார் தண்ணி எடுக்கல. இன்னான்னு பாரு.”

பதினொன்றரைக்குத் திரும்பவும் அம்மா. “பெரியப்பா வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்து கீறாங்க. மொகத்தையாச்சும் காட்டிட்டு வந்துடுடா. இன்னா நெனைப்பாங்க?”

எனக்கு வெறி ஏறியது. கையிலிருந்த குண்டானை டங்கென்று தரையில் வைத்தேன்.

“மெதுவாடி,” என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டு. “பின்னாடி ரூம்ல புள்ளைங்க தூங்கினு கீதுங்க. ராவெல்லாம் நின்னுட்டு வந்ததுங்க, பாவம்.”

இதைத்தான் என்னால் தாங்க முடியாது. பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துப் பசங்க. அவங்க தூங்கும்போது டிவி வைக்கக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது. காய்கறி வண்டிக்காரரைக்கூட அம்மா தெருமுனைக்கே போய் மைக்கை நிறுத்தச் சொல்வாள். அதே ஷிப்ட், அதே பஸ். பெத்த பிள்ளைக்கு மட்டும் தூக்கம் கிடையாது.

“அவனுந்தாம்மா நைட் ஷிப்ட்,” என்றேன்.

“அவன் நம்ம புள்ளடி. வேற யாரைக் கூப்புடறது?”

அண்ணனுக்கு இருபத்தாறு வயசு. ஒரகடம் பக்கம் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் ரெண்டு வருஷமாக டிரெய்னி. அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட் வருகிறது. போன மாசம் மிஷின் முன்னாடியே நின்றபடி கண் அசந்துவிட்டான். மெமோ கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை தூங்கினால் லிஸ்ட்டில் பேர் இருக்காது என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பெரியப்பா வீட்டிலிருந்து திரும்பி வந்தவன், படுக்கவில்லை. பையில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தான்.

“சுங்குவார்சத்திரத்துல ரூம் சொல்லிட்டேன். பர்மனென்ட் ஆவுற வரைக்கும் அங்க இருந்துக்கறேன்.”

அப்பா குதித்தார். “ஊரான் புள்ளைக்கெல்லாம் நான் ரூம் குடுத்துனு கீறேன். எம் புள்ள எவன் ரூம்லயோ போய்ப் படுப்பானா? நாலு பேரு கேட்டா இன்னாடா சொல்றது?”

“தூங்க வுடலன்னு சொல்லு,” என்றேன் நான்.

“நீ வாயை மூடு. பன்னெண்டாவதோட நின்னுட்டு வூட்ல குந்தினு கீற. உனக்கு ஞாயம் வேறயா?”

“குந்தினு கீறதாலதான் பாக்கறேன். ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி எழுப்பறீங்கன்னு. வேலை போச்சுன்னா நீயா வாங்கித் தருவ? உனக்குப் புள்ளையாப் பொறந்ததுக்கு, உன் ரூம்ல வாடகைக்கு வந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பான்.”

சத்தம் கேட்டுப் பின் ரூம் பேச்சிராஜ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். “என்னம்மா, எதும் பிரச்சினையா?”

“ஒண்ணுமில்ல ராஜா. நீ போய்த் தூங்கு,” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அண்ணன் கிளம்பிவிட்டான். பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் கூடப் போனேன்.

“இனிமேலாச்சும் நல்லாத் தூங்குண்ணா.”

ஒரு மாசம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். முன்னைவிட இன்னும் இளைத்திருந்தான்.

“லிஸ்ட்ல பேரு இல்ல. லைன்ல மறுபடியும் தூங்கிட்டேன். இன்னும் ஆறு மாசம் டிரெய்னிதான்.”

அப்பா உட்கார்ந்துவிட்டார். “தனியா ரூம் எடுத்துமாடா தூங்கல?”

“போனுப்பா. சூப்பர்வைசர் ஷிப்ட் மாத்தினா பகல்லதான் கூப்புடுவாரு, சைலன்ட்ல போட முடியாது. அதுபாட்டுக்கு அடிச்சுகினே இருந்தா எங்கேந்து தூங்கறது?”

அவ்வளவுதான். நான் அம்மா மேல் பாய்ந்தேன்.

“அங்க போயும் அவனை வுடலையா நீ? கேஸ் வந்துச்சு, மோட்டார் ஓடல, அந்த வூட்ல காதுகுத்து, இந்த வூட்ல கருமாதின்னு போன் போட்டு எழுப்பினியா? உன்னாலதான் அவன் பொழப்பு போச்சு. தெரியுதா?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்து, வேணாம் என்பது மாதிரி தலையை மட்டும் லேசாக ஆட்டினாள்.

“பாரு, பதில் இல்ல,” என்றேன் அப்பாவிடம்.

“கலை, சும்மா இரு,” என்றான் அண்ணன். “நான் போன நாள்லேந்து அம்மா ஒரு கால்கூடப் பண்ணல. அப்பாவும் பண்ணல.”

“அப்ப வேற யாரு?”

போனை என் பக்கம் நீட்டினான். விரலால் தள்ளத் தள்ள ஒரே பேர்தான் வந்துகொண்டிருந்தது.

“வண்டி ஸ்டார்ட் ஆவலன்னு ஒண்ணு. வைஃபை பாஸ்வேர்டு இன்னான்னு ஒண்ணு. அது இல்லாம தெனம் பதினோரு மணிக்கு, ‘நல்லாத் தூங்கறியாண்ணா’ன்னு ஒண்ணு.”