ஆட்டுக்கு இன்னொரு கொம்பு

சாலையோரச் சுவரில் ஒரு கரித்துண்டு ஆட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தது. ஒரு கொம்பு முடிந்திருந்தபோது, சுண்ணாம்பு சொட்டச் சொட்ட ஒரு பிரஷ் வந்து நின்றது.

"ஏய், யாரைக் கேட்டுச் சுவரைக் கிறுக்குறே? நாசம் பண்றே? அசிங்கப்படுத்துறே?"

"அடேயப்பா, ஒரு ஆட்டுக்கு மூணு குற்றமா! சரி அண்ணே, நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"இந்த ஆட்டை அழிச்சுட்டு, எங்க தலைவர் பேரை ஆள் உயரத்துக்கு எழுதப் போறேன்."

"அதுக்கு என்ன பேரு?"

"விளம்பரம்! ஓரத்துல பாரு, தேர்தல் வரைக்கும் இந்தச் சுவர் எங்களுக்குத்தான்னு போன மாசமே எழுதி வச்சாச்சு."

"எழுதி வச்சது யாரு?"

"நான்தான்."

"சுவர் சம்மதிச்சுதா?"

பிரஷ்ஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுவரை எவன்டா கேட்பான்? ஏன், நீ கேட்டியா?"

சுவரைக் கேட்க வேண்டும் என்று கரித்துண்டுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் வெட்கத்தோடு சுவர் பக்கம் திரும்பியது.

"இன்னொரு கொம்பு போடட்டுமா?"

தன்னிடம் ஒருவர் அனுமதி கேட்பது சுவருக்கு இதுவே முதல் தடவை. அது ரொம்ப நேரம் யோசித்தது. அதற்குள் பிரஷ்ஷில் சுண்ணாம்பு காயத் தொடங்கியிருந்தது.